தியவன்னாக் கரையில் யாழ்ப்பாணத்தவர் குடியிருக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இடமாற்றம் கிடைத்துள்ளது. வெள்ளவத்தையை விட்டு, தியவன்னா ஓயாக் கரையிலுள்ள பத்தரமுல்லையில் வாடகைக்கு வீடு எடுக்கலாமா? அது நமக்கு அந்நியமான இடம் அல்லவா?

தாராளமாக எடுக்கலாம், ஆனால் நிலத்தின் தாழ்வை அறியாமல் எடுக்க வேண்டாம். என்னைப் போல நீங்களும் பத்தரமுல்லையின் அரச அலுவலகங்களான இசுருபாயவுக்கோ செத்சிறிபாயவுக்கோ கடமைக்குச் செல்பவர் என எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். கோயிலும் தமிழ்க் கடைகளும் வெள்ளவத்தையில் இருப்பது போல அங்கே அருகில் இருக்கமாட்டா. 177 ஆம் இலக்கப் பேருந்தில் கொள்ளுப்பிட்டி வந்து மாற வேண்டும்.

'அந்நியமான இடம்' என்ற சொல்லே என்னை எழுத வைத்தது. 14 ஆம் நூற்றாண்டில் கம்பளை அரசின் அமைச்சரான அழகக்கோனார், யாழ்ப்பாணத்து அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகளை எதிர்த்து நிற்பதற்காகவே தியவன்னாவைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களை அரணாகக் கொண்டு, இன்று கோட்டே எனப்படும் கோட்டையைக் கட்டினார். அங்கிருந்து ஆறாம் பராக்கிரமபாகு அனுப்பிய செண்பகப்பெருமாள் 1450 அளவில் யாழ்ப்பாணத்தை வென்று ஆண்டு, பின்னர் திரும்பிச் சென்று புவனேகபாகு என்ற பெயரில் கோட்டையின் அரசனானான். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிலில் உரத்துச் சொல்லப்படும் வாழ்த்துரையான கட்டியத்தில் இன்றும் ஒலிக்கும் புவனேகபாகு அவனே என்போர் உண்டு. அவன் அல்லன், யாழ்ப்பாண அரசின் முந்திய அமைச்சன் ஒருவன் என்போரும் உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. அந்தச் சேற்று நிலத்துக்கும் நல்லூருக்கும் அறுநூறு ஆண்டுப் பழக்கம் உண்டு என்பதை மட்டுமே சொல்கிறேன்.

இன்று கரையில் நின்று நாம் பார்க்கும் அகன்ற ஏரி, ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1982 இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றத்துக்காகச் சதுப்பைத் தோண்டி ஆக்கப்பட்டது. மழைநீரைத் தாங்கி வைத்திருந்த சுற்றுவட்டச் சதுப்புகளில் பல, பின்னர் மண் நிரப்பி வீட்டு மனைகளாயின. அப்படிப்பட்ட மனையொன்றின் கீழ்த்தளத்தில்தான், ஒருபோதும் வெள்ளம் வராது என்ற தரகரின் சொல்லை நம்பி, முற்பணம் கொடுத்துக் குடியேறினேன். படித்த மனிதருக்கு இது தெரியாதா எனச் சிலர் கேட்கலாம். எங்கள் ஊரில் ஆறு இல்லை. எங்கள் வளவில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றைச் சேர்ந்துவிடும். நீர் ஓசையின்றிப் படியேறி வரும் என்பது நான் கண்டறியாத ஒன்று.

2010 நவம்பரில், நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்த அந்த இரவில், கட்டிலின் கீழே இருந்த என் தகரப்பெட்டியும் மூழ்கியது. அதற்குள் என் சான்றிதழ்கள் இருந்தன. போரினால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, செம்மணி வெளியில் கொட்டிய மழையில், பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துச் சென்று ஒரு துளி ஈரமும் படாமல் நான் காப்பாற்றியவை அவை. மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரச் சிங்கள அம்மையார் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, பழஞ்சேலைத் துண்டுகளுக்கு இடையே வைத்து, இளஞ்சூட்டில் இரண்டு நாள் மினுக்கித் தந்தார். சாதாரண தரச் சான்றிதழின் முத்திரை மட்டும் கரைந்துவிட்டது. அதன் பிறகும் மூன்று ஆண்டுகள் அதே வீட்டின் மேல்தளத்தில் இருந்தேன்.

ஆகவே வீடு பார்க்கச் செல்லும்போது தரகரிடம் எதையும் கேளாதீர்கள். ஒழுங்கை முனையிலுள்ள பழைய கடைக்காரரிடம், 2010 இல் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று கேளுங்கள். அவர் சுவரில் கை வைத்துக் காட்டுவார்.