கண் சிமிட்டல், தோள் குலுக்கல், படபடப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

மட்டக்களப்புப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மனநல விடுதிகளிலும் கிளினிக்குகளிலும் இருபத்தாறு வருடம் தாதியாக நின்று ஓய்வு பெற்றவள் நான், இப்போது கல்லடியில் இருக்கிறேன். பதகளிப்பையும், உடம்பு தன்பாட்டில் வெட்டுகிற குலுங்குகிற பழக்கத்தையும் மருந்தில்லாமல் எப்படித் தணிக்கலாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தொடங்க முதலே ஒன்று: ஏற்கனவே டொக்டர் தந்த குளிசை போடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு அதை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தி, இரவிரவாக நித்திரையில்லாமல் வியர்த்து நடுங்கி வந்தவர்களை விடுதியில் பார்த்தவள் நான்.

களுவாஞ்சிகுடி அம்மா ஒருவர்: மிஸ், மகனுக்கு ஒன்பது வயது. ரெண்டு மாதமாகக் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டுகிறான். கண் டொக்டர் கண்ணில் பிழையில்லை என்கிறார். சிமிட்டாதே என்று சொல்லச் சொல்லக் கூடுகிறது. வருகிற வருடம் ஸ்கொலர்ஷிப் வேறு.

தங்கச்சி, சொல்லச் சொல்லக் கூடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதிப் பதில் அதுதான். இதை ‘டிக்’ என்பார்கள். கண் சிமிட்டல், மூக்கைச் சுருக்கல், தோள் குலுக்கல், தொண்டையைச் செருமல் எல்லாம் இந்த வகை. பெரும்பாலும் ஐந்து, ஆறு, ஏழு வயதில் தொடங்கும், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் உச்சத்துக்குப் போகும், பதின்ம வயது முடியும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு நன்றாகக் குறைந்துவிடும். அந்த உச்ச வயதில்தான் நாங்கள் புலமைப்பரிசில் பரீட்சையையும் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். பரீட்சையால் டிக் உண்டாவதில்லை. அது மூளை வேலை செய்கிற விதத்தில் வருவது, குடும்பத்திலும் ஓடும், உங்கள் பக்கத்திலோ அவர் பக்கத்திலோ சின்ன வயதில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் பயம், களைப்பு, நித்திரைக் குறைவு மூன்றும் அதை ஊதிப் பெருப்பிக்கும். விடிய நாலரைக்கு எழுப்பி, பள்ளிக்கூடம், டியூசன், இரவு பத்து மணிக்கு மொடல் பேப்பர் என்றால் கண் சிமிட்டாமல் என்ன செய்யும்? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது நித்திரை வேண்டும். அதை முதலில் கொடுங்கள்.

அடுத்தது, வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. அப்பா, அம்மம்மா, பக்கத்து வீட்டு அன்ரி எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பிள்ளை தானாகக் கேட்டால் மட்டும், “அது உன்ர பிழை இல்ல மனே, கொஞ்ச நாளையில குறையும்” என்று சொன்னால் போதும்.

இன்னொன்று. டிக் அலை மாதிரிக் கூடும், குறையும், சில கிழமை காணாமல் போகும், வேறு இடத்தில் வரும். உச்சத்தில் நிற்கும்போதுதான் நாங்கள் பயந்துபோய் நூல் கட்டுவோம், கண்ணூறு கழிப்போம், தண்ணீர் ஓதிக் கொடுப்போம், சிரப் வாங்குவோம். பிறகு அது தன்பாட்டில் இறங்கும்போது கடைசியாகச் செய்தது எதுவோ அதற்குப் பெயர் போய்விடும். நூல் கட்டுவதில் எனக்குக் கோபமில்லை, தாய்க்கு அமைதி வந்தால் பிள்ளைக்கும் வரும். ஆயிரக்கணக்கில் காசு கேட்கிற இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

அம்பாறை டவுனில் வேலை செய்யும் தங்கை: மூன்று நாளாக இடது கண் இமை துடிக்கிறது. பெண்களுக்கு இடது துடித்தால் நல்லது என்கிறார்கள், இது டிக்கா?

இல்லை. களைப்பும் தேத்தண்ணியும் கொம்பியூட்டரும்தான். சில கிழமை தாண்டினாலோ, கன்னத்துக்கு இறங்கினாலோ, இமை முழுக்க மூடிக்கொண்டாலோ காட்டுங்கள்.

காத்தான்குடிக் கடைக்காரர்: இரவு கடை பூட்டும் நேரம் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை நடுங்குகிறது. ஈசிஜி எடுத்தேன், நல்லது. ஒரு நாளைக்கு ஏழெட்டு பிளேன்டீ குடிப்பேன். இயற்கையாக என்ன செய்யலாம்?

தம்பி, அந்த ஏழெட்டு பிளேன்டீயில் தொடங்குங்கள். தேயிலையில் இருக்கிற கஃபீனில் பாதி உடம்பிலிருந்து கழியவே சுமார் ஐந்து மணித்தியாலம் பிடிக்கும், அப்படியென்றால் பின்னேரம் நாலு மணிக்குக் குடித்தது ஒன்பது மணிக்கும் உள்ளே நின்று வேலை செய்கிறது. ஒரேயடியாக விட்டால் தலை இடிக்கும், இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு கோப்பையாகக் குறைத்துக்கொண்டு வந்து, மதியத்தோடு நிறுத்துங்கள். தைரொயிட் இரத்தப் பரிசோதனை ஒன்றும் செய்யுங்கள், தைரொயிட் கூடினாலும் இதே படபடப்பும் நடுக்கமும்தான் வரும், அதை மூச்சுப் பயிற்சியால் ஆற்ற முடியாது. கதவைப் பூட்ட முதல் கதிரையில் இருந்து, நாலு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடம். விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும். இழுப்பதையே பெரிதாகச் செய்தால் தலை சுற்றிப் படபடப்பு இன்னும் கூடும். சாப்பிட்டபின் வாவிக்கரையில் அரை மணித்தியாலம் நடங்கள். நண்பர் போடுகிறார் என்று பாமசியில் நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கிற புரொப்பிரனலோல் குளிசை வாங்கிப் போட வேண்டாம், ஆஸ்மா உள்ளவருக்கு அது மூச்சையே அடைத்துவிடும்.

ஏறாவூர்: மகளுக்குக் கண் சிமிட்டுது, என்ன மருந்து?

முதல் பதிலை வாசியுங்கள்.

அம்பாறை மாவட்டம், பரம்பரை வைத்தியர் ஒருவரின் பேரன்: அமுக்கிராவும் (அஸ்வகந்தா) வல்லாரையும் இருக்க, நீங்கள் ஆஸ்பத்திரிக்காரர் எங்கள் மருந்தை ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டீர்கள்.

சொல்கிறேன் மகன். வல்லாரைச் சம்பல் எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள். தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் போட்டுச் சோற்றோடு சாப்பிடுங்கள், நல்ல கீரை. அமுக்கிரா பதகளிப்பைக் கொஞ்சம் குறைக்கிறது என்று சிறிய ஆய்வுகள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிக்குக்கு அது கேட்கும் என்று காட்டிய நல்ல ஆய்வை நான் பார்க்கவில்லை. ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது, தைரொயிட்டைக் கூட்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது, நித்திரைக் குளிசையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்தது. உங்கள் தாத்தா நாடி பார்த்து, ஆளைப் பார்த்து, அளவாகக் கொடுத்திருப்பார், அவரை நான் மதிக்கிறேன். நான் பயப்படுவது லேபல் இல்லாத போத்தலில் ஓன்லைனில் விற்கிற தூளுக்கு. பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம். குளிசை போடுகிறவர்கள் இதை நம்பிக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம்.

கல்முனை, டியூசன் ஆசிரியர்: இருபது வருடம் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் இப்படிச் செய்கிற பிள்ளை நான் ஒரு பார்வை பார்த்தால் நிறுத்திவிடும். நிறுத்த முடிகிறதென்றால் அது பழக்கம்தானே? தாய்மார்தான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள்.

சேர், அந்தப் பிள்ளை நிறுத்தவில்லை, அடக்குகிறது. நுளம்பு கடித்த இடத்தைச் சொறியாமல் இருங்கள் பார்ப்போம். கொஞ்ச நேரம் முடியும், ஆனால் மனம் முழுக்க அந்த இடத்திலேயே நிற்கும், நான் சொல்கிற ஒரு சொல்லும் காதில் விழாது. உங்கள் வகுப்பில் அந்தப் பிள்ளை கணக்கைக் கேட்கவில்லை, தோளைத்தான் காவல் காத்துக்கொண்டிருக்கிறது.

ஆரையம்பதி அம்மா ஒருவர்: சேர், என் மகன் வகுப்பு முடிந்து வந்தால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டி இருபது நிமிடம் தலையைக் குலுக்கிவிட்டுத்தான் வெளியே வருவான். அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கல்முனை ஆசிரியர்: அது எனக்குத் தெரியாது. சரி, ஆனால் மிஸ், டிக்குக்கு ஒரு பயிற்சி இருக்கிறது என்கிறார்களே, அதுவும் அடக்குவதுதானே?

நல்ல கேள்வி சேர், இதற்கு நீளமாகவே எழுதுகிறேன். போன வருடம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைத் தாய் என் வீட்டு விறாந்தைக்குக் கூட்டி வந்தார், வலது தோள் காதுவரை ஏறி இறங்கும். ஏற முதல் என்ன தெரிகிறது என்று கேட்டேன். யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. யோசித்துவிட்டு, “தோளுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி” என்றான். அந்த எறும்புதான் முக்கியம். அது ஊரத் தொடங்கியதும் வலது முழங்கையை விலாவோடு மெதுவாக அழுத்தி, தோளைக் கீழே விட்டு, மெதுவாக மூச்சு விடச் சொன்னேன். ஒரு நிமிடம், அல்லது எறும்பு போகும்வரை. முதல் தடவை முகம் சிவந்துவிட்டது. ஏழாவது எட்டாவது தடவையில், “அது தானாப் போகுது” என்றான். வித்தியாசம் அதுதான் சேர். பயத்தில் அடக்கும்போது எறும்பு உள்ளேயே நிற்கிறது. இதில் பிள்ளை அதைக் கவனித்து, கூட நின்று, போகவிடுகிறது, யாரும் பார்த்து மிரட்டவும் இல்லை. தொண்டை செருமலுக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு, கண்ணுக்கு மூன்று நாலு விநாடிக்கு ஒருமுறை ஆறுதலாக, மென்மையாகச் சிமிட்டுவது.

இது என் கைமருந்தில்லை. அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் எழுதிய முறை. 2010இல் 126 பிள்ளைகளை வைத்துப் பத்துக் கிழமை பார்த்த ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேருக்குச் சற்றுக் கூடுதலானவர்கள் நன்றாக முன்னேறினார்கள், வெறும் ஆலோசனை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் கேட்காது. பிள்ளைக்கு விருப்பமில்லாவிட்டால் தொடங்கவே வேண்டாம்.

கல்முனை ஆசிரியர்: அப்படியென்றால் வகுப்பில் நான் என்ன செய்ய?

பார்க்காமல் இருங்கள். ஓரத்துக் கதிரை கொடுங்கள், முன்வரிசையில் எல்லோர் கண்ணும் முதுகில் விழும். கூடுகிறது என்று தெரிந்தால் சோக் எடுத்து வரவோ தண்ணீர் குடிக்கவோ அனுப்புங்கள், வெளியே போய் இரண்டு நிமிடம் குலுக்கிவிட்டு வரட்டும். மற்றப் பிள்ளைகள் நடித்துக் காட்டினால் அந்த உங்கள் பார்வையை அவர்கள் பக்கம் திருப்புங்கள். கேட்டதற்கு நன்றி சேர், கேட்காத ஆசிரியர்கள்தான் அதிகம்.

சம்மாந்துறை: நெட்டில் டூரெட் என்று போட்டிருக்கிறது, பயமாக இருக்கிறது.

பல அசைவுகளும் குறைந்தது ஒரு சத்தமும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பெயர் வைப்பார்கள். 1885இல் ஒன்பது பேரைப் பற்றி எழுதிய பிரெஞ்சு டொக்டரின் பெயர். கெட்ட வார்த்தை வருவது மிகச் சிலருக்குத்தான். வெறும் கண் சிமிட்டலுக்கு இந்தப் பெயரைத் தேடிப் போகாதீர்கள்.

வாழைச்சேனை: மிஸ், கண் சிமிட்டலுக்கு என்ன எண்ணெய் பூசலாம்?

எண்ணெய் இல்லை, குளிசை இல்லை, திட்டும் இல்லை. இது ஐந்தாவது தடவை. தயவுசெய்து மேலே வாசித்துவிட்டுக் கேளுங்கள், வேறு ஆட்களும் காத்திருக்கிறார்கள்.

பொத்துவில் அம்மா ஒருவர்: வாசித்தேன் மிஸ். என் மகளுக்கு தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து மாறிய கையோடு ஒரே நாளில் எல்லாம் தொடங்கியது, அசைவும் பயமும் கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவதும். எங்கே போக?

இதைத் தள்ளிப் போடாதீர்கள் தங்கச்சி. ஒரே நாளில் இப்படித் தொடங்கினால், கை கால் தன்பாட்டில் நெளிந்தாலும், நினைவு தவறினாலும், எங்கள் பயிற்சி எதுவும் வேண்டாம், நாளைக்கே ஆஸ்பத்திரியில் பிள்ளை டொக்டரிடம் காட்டி அந்தத் தொண்டை நோவையும் மறக்காமல் சொல்லுங்கள். மனநல உதவிக்கு 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம். போகும்போது போனில் ஒரு நிமிட வீடியோ கொண்டு போங்கள், டொக்டருக்கு முன்னால் பிள்ளை அடக்கிக்கொண்டு இருக்கும், அவர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடக் கூடும். ஒளித்திருந்து எடுக்க வேண்டாம், ஏன் எடுக்கிறீர்கள் என்று மகளுக்குச் சொல்லிவிட்டே எடுங்கள்.