ஈஸ்டர்லியா, ஈஸ்ட்வர்டா: மிதவை போன திசையை எழுதுவது

வணக்கம். குளச்சல் கடலில் மிதவை விட்டு நீரோட்டத்தை அளந்த உங்கள் ஆய்வறிக்கையில், "ஈஸ்டர்லி கரண்ட்" என்ற தொடரையும் "தி ஃப்ளோட் இஸ் மூவிங் ஃபாஸ்ட்" என்ற வாக்கியத்தையும் வழிகாட்டி ஏன் அடித்தார் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலாவதுதான் பெரிய பிழை. காற்றை அது வரும் திசையாலும் நீரோட்டத்தை அது போகும் திசையாலும் குறிப்பது கடலியல் மரபு. "வெஸ்டர்லி விண்ட்" என்றால் மேற்கிலிருந்து வீசுவது, நாம் மேல்காற்று என்பதைப் போல. அதனால் "ஈஸ்டர்லி கரண்ட்" என்று படிப்பவர், நீர் கிழக்கே போகிறதா, கிழக்கிலிருந்து வருகிறதா என்று தடுமாறுவார். "ஈஸ்ட்வர்ட்" என்றால் ஐயமே எழாது. அந்த "வர்ட்" என்னும் ஈறு போகும் திசையை மட்டுமே காட்டும்.

அடுத்தது எளிது. பார்த்து முடித்த நிகழ்ச்சிக்கு இறந்தகாலமும், "ஃபாஸ்ட்" என்பதற்குப் பதிலாக எண்ணும் வேண்டும். 10 நிமிடத்தில் 90 மீட்டர் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அது சராசரியாக நொடிக்கு 0.15 மீட்டர். "தி ஃப்ளோட் டிரிஃப்டட் 90 மீட்டர்ஸ் ஈஸ்ட்வர்ட் இன் 10 மினிட்ஸ்" என்று எழுதுங்கள். தன் விசையின்றி நீரோடும் காற்றோடும் போவதற்கு "டிரிஃப்ட்" என்ற வினையே பொருத்தம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மிதவையைக் காற்றும் தள்ளும் என்பதால், முடிவுகள் பகுதியில் மிதவை நகர்ந்தது என்று மட்டும் எழுதி, நீரோட்டம்தான் அதைக் கொண்டுபோனது என்னும் ஊகத்தை, அன்றைய காற்றின் வேகத்தோடு சேர்த்து, விவாதப் பகுதியில் வையுங்கள்.