ஃபியட்டு வாங்குனா ஊரே சிரிக்குமுங்களா?

கேள்வி: வணக்கமுங்கண்ணா. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை, ஊடு அவிநாசிக்குப் பக்கம். ரெண்டு மூணு வருசமா சேத்துனதுல ஒன்னரை லட்சம் கைல இருக்குது. அந்தக் காசுக்கு ஸ்விஃப்ட் டீசல் தேடுனா ரெண்டு லட்சம், மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடி நொந்து போன வண்டியாத்தான் காட்டறாங்க. அதே ரேட்டுக்கு ஃபியட் புன்டோ டீசல், 2012 மாடல், செகண்ட் ஓனர், 92,000 ஓடுனது ஒன்னு வந்திருக்குதுங்க. பாத்தா கண்ணுல நிக்குது. ஆனா எங்க மாமன், "அது இத்தாலிக்காரன் வண்டி, வாங்கறப்ப சிரிப்ப, வெச்சிருக்கறப்ப அழுவ"ங்கறாரு. என்னங்க பண்ணட்டும்?
- ஒரு வாசகர், அவிநாசி

பதில்: மொதல்ல மாமன் என்ன வண்டி வெச்சிருக்காருன்னு கேளுங்க தம்பி. ஸ்விஃப்ட் டீசல், டிசையர் டீசல், டாடா விஸ்டா குவாட்ராஜெட்டுன்னு ஏதாவது சொன்னாருன்னா, அவரும் இத்தனை வருசமா பாதி இத்தாலிக்காரன் வண்டிலதான் போயிட்டு வந்துட்டு இருக்காரு. 1248 சிசி, 1.3 மல்டிஜெட்னு சொல்ற அந்த எஞ்சின் ஃபியட்டோடது. 2005-ல உலக அளவுல அந்த சைஸுக்கு சிறந்த எஞ்சின்னு பரிசு வாங்குனது. அதைத்தான் லைசென்ஸ் எடுத்து மாருதி 2007-ல ஸ்விஃப்ட்டுல போட்டு டிடிஐஎஸ்னு பேரு வெச்சாங்க, டாடாவுல குவாட்ராஜெட்னு வெச்சாங்க, அப்பறம் டிசையர், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸான்னு நம்மூரு ரோட்டுல பாதி டீசல் காருக்குள்ள அதுதான் ஓடுச்சு. ஸ்விஃப்ட்டுல இருந்தா "மூணு லட்சம் ஓடுமுங்க, கண்ண மூடிட்டு வாங்குங்க", புன்டோவுல இருந்தா "அய்யய்யோ"ன்னா என்னங்க ஞாயம்?

அப்ப கெட்ட பேரு எங்கிருந்து வந்துதுன்னு கேப்பீங்க. எஞ்சின்ல இருந்து வரல, கடைல இருந்து வந்துது. புன்டோ 2009-ல வந்தப்ப ஃபியட்டுக்குன்னு தனி ஷோரூம் இல்ல, டாடா கூட சேந்து விக்கிற ஏற்பாடு, புனே பக்கம் ரஞ்சன்கானுல ரெண்டு பேருக்கும் ஒரே ஃபேக்டரி. 2012-ல அந்த விக்கிற ஏற்பாடு பிரிஞ்சுது, நீங்க பாக்கற வண்டி பொறந்த அதே வருசம். அப்பறம் தனி ஷோரூம் தொறந்தாங்க, அதும் பெரிய ஊருல மட்டும். கடைசில பிஎஸ் 6-ங்கற பொகைக் கட்டுப்பாட்டு விதி வர்றதுக்குள்ள இங்க ஃபியட் பேருல கார் விக்கறதையே நிறுத்திட்டாங்க. இப்படி கடை மாறிட்டே இருந்தா வண்டி வாங்குனவன் யார் கிட்ட போவான், சர்வீஸ் புக்கை எடுத்துட்டு தெருத்தெருவா அலைய வேண்டியதுதான். கடைசில பக்கத்துப் பட்டறைல விடுவான், அவங்களுக்கு அந்த வண்டி பழக்கமிருக்காது, தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுட்டு "எஞ்சினே அப்படித்தானுங்க, இத்தாலி வண்டி"ன்னு சொல்லி அனுப்புவாங்க. பேரு கெட்டுது.

நானே பட்டிருக்கறேன். நான் வாங்குனது 2010 மாடல் புன்டோ, பழசுதான். வாங்கி மூணாவது மாசம் ஆசனூர்ல ஒறம்பரை ஊட்டு விசேசம், பண்ணாரியம்மனைக் கும்பிட்டுட்டு திம்பம் மலை ஏறிட்டு இருந்தோம், வண்டில அஞ்சு பேரு, டிக்கில சீர்த்தட்டு. ஒரு வளைவுல ரெண்டாவது கியர் போட்டு முடுக்குனா "டப்"புன்னு ஒரு சத்தம், அதோட இழுவை செத்துப் போச்சு. பின்னாடி பாத்தா கருகருன்னு பொகை, கரும்பு லாரிக்காரன் ஹாரன் மேல ஹாரன். ஊர்ந்து ஊர்ந்து ஓரங்கட்டி, எல்லாத்தையும் பஸ்ஸுல ஏத்தி விட்டுப்போட்டு நான் மட்டும் வண்டிய உருட்டிட்டு எறங்கினேன். கீழ ஒரு பட்டறைல "டர்போ போயிருச்சுங்க, 45,000 ஆகும்"னாங்க. டர்போன்னா எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கி அனுப்பற சாமான். இன்னொருத்தர் எஞ்சினை எறக்கிப் பாக்கோணும்னாரு. மூணாவதா ஒரு பெரியவர், விஸ்டா டாக்சிகளா பாத்துப் பழகுன கை, பானெட்டைத் தொறந்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லி கைய உள்ள உட்டு ஒரு பைப்பைத் தடவுனாரு. டர்போ காத்து போற ரப்பர் ஹோஸ், அதோட கிளிப்பு லூசாகி கழண்டு தொங்கிட்டு இருந்துது. அதுக்கு முந்துன வாரம் ஃபில்டர் மாத்துன இடத்துல அந்தக் கிளிப்பைச் சரியா முடுக்காம உட்டிருக்காங்க. புதுக் கிளிப்பு 80 ரூவா. நான் வாங்கி வெச்ச டீ ஆறறதுக்குள்ள வேலை முடிஞ்சுது.

ஆனா ஒறம்பரைக்குள்ள இன்னிக்கு வரைக்கும் அது "திம்பத்துல நின்ன வண்டி"தான். 80 ரூவா கிளிப்பு கதை யாருக்கும் ஞாபகமில்ல, எங்கூட்டுக்காரம்மாவுக்கே ஞாபகமில்ல.

சரி, உங்க வண்டிக்கு வருவோம். பாக்கப் போறதா இருந்தா காலங்காத்தால போங்க, சொல்லாம கொள்ளாம போனா இன்னும் நல்லது. போனதும் மொத வேலையா பானெட் மேல கைய வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், பேசாம டீ குடிச்சுப்போட்டு சாயங்காலம் வர்றேன்னு சொல்லிட்டு வந்துருங்க. ஏன்னா இந்த எஞ்சினுல பாக்க வேண்டியதே ஜில்லுன்னு இருக்கறப்ப போடற மொத ஸ்டார்ட்டுதான். வால்வுங்களை நேரத்துக்குத் தொறந்து மூட வெக்கறதுக்கு பெல்ட் இல்லாம டைமிங் செயின் போட்ட எஞ்சின் இது, செயின்னா ஆயுசுக்கும் வரும்னு சொல்லித்தான் விக்கறாங்க, ஆனா அந்தச் செயினை இழுத்துப் புடிக்கற டென்ஷனருக்கு ஆயில் பிரஷர்தான் தெம்பு. எஞ்சினுக்குள்ள போற ஆயிலே மூணு லிட்டர் சுமாருக்குத்தான், அதுல அரை லிட்டர் கொறைஞ்சாலும் பெரிய கொறைதான், மாத்தாம வருசக்கணக்குல ஓட்டுனா ஆயில் தாராட்டம் கெட்டியாகி அடில சல்லடைய அடைச்சுப் போடும். அப்பறம் செயின் தளரும், காலைல ஸ்டார்ட் பண்ணதும் டப்பாவுக்குள்ள சங்கிலிய போட்டு குலுக்குனாப்ல கரகரன்னு ஒரு சத்தம். ஒரு செகண்ட் வந்து நின்னா பரவால்ல, நிக்காம வந்தா வண்டிய விட்டுருங்க. இதே சீக்கு ஸ்விஃப்ட்டுக்கும் உண்டு, எஞ்சின் ஒன்னுதானே.

92,000-ங்கறதை நம்பாதீங்க. மீட்டரைத் திருப்பறது இன்னிக்கு பத்து நிமிச வேலை. ஆயில் மாத்துன பில்லுங்க இருக்குதான்னு கேளுங்க, கசங்குன பில்லு நாலு இருந்தாலும் எனக்கு அந்த மீட்டரை விட அது பெருசு. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீரிங் தோலு, டிரைவர் சீட்டு ஓரம் இதெல்லாம் தேஞ்சிருந்து மீட்டர் மட்டும் எளசா இருந்தா புரிஞ்சுக்கோங்க. ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தி எறக்கிப் பாருங்க, முன்னாடி "டொக் டொக்"குனா லோயர் ஆர்ம் புஷ், அதாவது முன் சக்கரத்தைப் புடிச்சிருக்கற கையில இருக்கற ரப்பர் தேஞ்சிருக்குது, அதுக்கு பயப்பட வேண்டாம், ரேட்டு பேசறதுக்கு ஒதவும். புஷ் மட்டும் அழுத்தி மாத்திக் குடுக்கற லேத்துக்கு கோயமுத்தூர்ல பஞ்சமா என்ன. 90 குதிரைத்திறன் வண்டியா 75-ஆன்னும் கேட்டுக்கோங்க. 90-ல வேற மாதிரி டர்போ, ஓட்ட நெம்ப நல்லா இருக்கும், போச்சுன்னா செலவும் எச்சு. உங்களுக்கு 75 போதும். ஒன்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, எஞ்சின் சுத்தற வேகம் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழ போனா வண்டி தூங்கும், மேட்டுல கியரைக் கொறைக்காம ஏத்துனா மொனகும், அது கோளாறு இல்ல, அதோட கொணம்.

ஸ்பேர் விசயம் பாதி பாதி. எஞ்சின் சம்பந்தப்பட்டது நம்ம பக்கத்துலயே கெடைக்கும், விஸ்டாவும் ஸ்விஃப்ட்டும் அத்தனை ஓடுது. கூண்டு சாமான்தான் வெசனம். ஹெட்லைட்டு, பம்பர், சைடு மிரர், கதவு கைப்புடி இதெல்லாம் ஸ்விஃப்ட்டு, விஸ்டாவுல இருந்து எடுத்து மாட்ட முடியாது. ஃபியட் பேரு போனாலும் கம்பெனி போகல, ஜீப் காம்பஸ் அதே ரஞ்சன்கானுலதான் செய்யறாங்க, அந்த ஷோரூம்ல ஆர்டர் போட்டு காத்திருக்கலாம், இல்லாட்டி பழைய ஸ்பேர் கடைல தேடலாம். ரெண்டுக்குமே சாவகாசம் வேணும். அதனால முன்னாடி லைட்டு ஒடைஞ்ச வண்டிய "ரேட்டு கம்மி"ன்னு வாங்கிப்போடாதீங்க.

2012 மாடல்னா 2027-ல 15 வருசம் முடியுது. அப்ப ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டிய காட்டி அஞ்சு வருசத்துக்கு ரெனியூவல், கிரீன் டேக்ஸ்னு செலவு இருக்குது, அதையும் சொல்லி ரேட்டைக் கொறைங்க.

முடிவு என்னன்னா, கைல இருக்கற ஒன்னரை லட்சத்தையும் வண்டிக்கே குடுக்கறதா இருந்தா வாங்காதீங்க. 1,10,000-க்கு முடிஞ்சா வாங்குங்க, மிச்சம் 40,000-த்தைத் தொடாம வெச்சு, வாங்குன மறுநாளே ஆயில், ஃபில்டர், கூலண்ட் மாத்துங்க, சல்லடையையும் பாக்கச் சொல்லுங்க. அப்பறம் கம்பெனி புக்குல என்ன போட்டிருந்தாலும் 8,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆயில். வேலைக்குப் போக டூவீலர் தனியா இருக்குதுல்ல? அது இல்லாம இந்த ஒரே வண்டிய நம்பி ஷிஃப்டுக்குப் போகோணும்னா மாமன் சொல்றதைக் கேட்டுக்கோங்க. மத்தபடி சேலம் ரோட்டுல 100-ல போறப்ப அந்த ஸ்டீரிங் கைல கெட்டியா உக்காருது பாருங்க, அந்த ரேட்டுல வேற எந்த வண்டிலயும் எனக்கு அது கெடைக்கல. மாமனை ஒருக்கா ஓட்டச் சொல்லுங்க.

கேள்வி: எங்க அப்பாரு ஃபியட் வெச்சிருந்தாருங்க, ஸ்டீரிங் பக்கத்துலயே கியர். அன்னிக்கு ஊருக்குள்ள அந்த வண்டி வந்தா எந்திரிச்சு நிப்பாங்களாம். அதே பேரை இன்னிக்குச் சொன்னா ஏனுங்க சிரிக்கறாங்க?
- ஒரு வாசகர், காங்கயம்

பதில்: அப்பாரு வெச்சிருந்தது ஃபியட் 1100, இல்லாட்டி அதோட தம்பி பிரீமியர் பத்மினியா இருக்கும். பம்பாய் குர்லாவுல பிரீமியர் கம்பெனி செஞ்சது, 1974-ல இருந்து பத்மினின்னு பேரு. அதை யாரும் பத்மினின்னு கூப்பிட்டதில்ல, "பியட்டு"தான். மும்பைல கடைசி பத்மினி டாக்சி ரோட்டை விட்டுப் போனது 2023 அக்டோபர்லதான், அதும் வண்டி ஓடாம இல்ல, 20 வருச வயசு வரம்புல. அந்த வண்டிக்கு எந்த ஊருல நின்னாலும் வைத்தியம் பாக்க ஆளு இருந்துது, கார்பரேட்டரைக் கழட்டி ஊதி மாட்டுனா ஓடிரும். அம்பாசடரை விட்டா பெரும்பாலும் அதுதானே இருந்துது, வேற வழி இல்லாதப்ப எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். இப்ப சென்சாரும் வயரும், ஸ்கேனர் போட்டுப் பாக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். அப்பாருதான் நெசமாலுமே கொடுத்து வெச்சவரு.

கேள்வி: டிரைவிங் பழகறதுக்கு 2003 ஃபியட் பேலியோ பெட்ரோல் 1.2 ஒன்னு 40,000-க்கு சொல்றாங்க. வாங்கிப் பழகிட்டு வித்துப்போடலாம்னு ஐடியா. சரிங்களா?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: பேலியோவுக்கு ஒரு காலத்துல சச்சினே விளம்பரம் பண்ணாரு அம்மிணி, 2001-ல வந்தப்ப நல்ல கிராக்கி. கூண்டு கெட்டி, கதவை மூடுனா "தொம்"முன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, இன்னிக்கு வண்டிங்கள்ல அது இல்ல. ஆனா அந்தக் கூண்டு கனத்துக்கு 1.2 எஞ்சின் பத்தாது, பெட்ரோலை நல்லாக் குடிக்கும். ஆழியார் வரைக்கும் ஓட்டிப் பழகலாம், அதுக்கு மேல வால்பாறை 40 கொண்டை ஊசியை யோசிக்காதீங்க. இதுல டைமிங் பெல்ட்டு, எப்ப மாத்துனாங்கன்னு பில்லு இல்லைன்னா வாங்குன ஒடனே மாத்துங்க. எல்லாத்தையும் விட முக்கியம் ஆர்சி. 2003 வண்டிக்கு 15 வருசம் எப்பவோ முடிஞ்சுது, ரெனியூவல் பண்ணி நடப்புல இருக்குதான்னு பாருங்க, இல்லைன்னா 40,000 இல்ல, 15,000-க்கும் வேண்டாம். வித்துப்போடலாம்ங்கற ஐடியாவை மட்டும் மறந்துருங்க, பேலியோவை வாங்குனவங்க வெச்சிருக்கத்தான் செய்வாங்க, வாங்க ஆளு வராது.

கேள்வி: அபார்த் புன்டோ எப்படிண்ணா? காலேஜ் போக.
- ஒரு மாணவர், கோவை

பதில்: புன்டோவோட ரேஸ் ரகம் அது, 145 குதிரைத்திறன், காலேஜ் போகவா? செட்டிபாளையம் ரேஸ் டிராக் பக்கம் ஊடு இருந்தா சொல்லுங்க. நல்ல வண்டி, ஆனா அப்பா காசுல வேண்டாம்.

கேள்வி: புன்டோ ஒன்னு பேசி அட்வான்ஸும் குடுத்தாச்சு. சாவி ஒன்னுதான் இருக்குது, இன்னொன்னு தொலைஞ்சிருச்சுங்கறாரு ஓனர். பெருசா ஒன்னுமில்லீங்களே?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இருக்குதுங்க. சாவிக்குள்ள சிப் இருக்குது, வெறும் சாவி வெட்டி மாட்டுனா கதவு தொறக்கும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. வண்டி புதுசா வர்றப்ப சாவியோட சின்னதா ஒரு கோடு கார்டு குடுத்திருப்பாங்க, ஏடிஎம் கார்டு சைஸுல. அதுல இருக்கற நம்பர் இருந்தா புதுச் சாவிக்கு புரோகிராம் பண்றது சுலபம், இல்லைன்னா அலைச்சலும் காசும். அவரு ஊட்டுல பீரோவுல பழைய சர்வீஸ் புக்கு கவருக்குள்ள தேடச் சொல்லுங்க, முக்காவாசி அங்கதான் கெடக்கும். கெடைக்கலைன்னா சாவி செலவைக் கழிச்சுப்போட்டு மீதிய குடுங்க. கையெழுத்துப் போட்டப்பறமேட்டுக்கு கேட்டா ஃபோனை எடுக்கமாட்டாரு.