மழையில் கரண்ட் போய், மலைப்பாதையும் அடைபட்டால் கேன் தண்ணீரில் பவுடர் பால் கலக்கலாமா?

கேட்டவர் ஏற்காட்டில் இருக்கிறார். ஒரு மாதக் குழந்தைக்குப் பவுடர் பால்தான் கொடுக்கிறார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை மறக்காதவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

அடுப்பு எரிக்க வழி இருக்கும்வரை, கொதிக்கவைக்காமல் அப்படியே கலக்காதீர்கள். கேன் தண்ணீர் சுத்தமாகவே இருக்கட்டும், என் கவலை பவுடரைப் பற்றியது. சீல் பிரிக்காத டப்பாவில்கூட அரிதாகக் குரோனோபாக்டர் என்ற கிருமி இருக்கலாம். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால் அது மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய்விடும். தண்ணீரின் சூடுதான் அதைக் கொல்ல வேண்டும். கலக்கும்போது தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வழிகாட்டுதல் சொல்கிறது. டப்பாவில் வெதுவெதுப்பான நீர் என்று போட்டிருந்தாலும், ஒரு மாதக் குழந்தைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தெர்மாமீட்டர் வேண்டாம். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கி, அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், மழைக்குளிரில் சீக்கிரம் ஆறியும் போகும். அதனால் ஒரு டம்ளர் மட்டும் வைக்காமல் ஒரு லிட்டராவது கொதிக்க வையுங்கள். இறக்கிப் பத்து நிமிடத்தில் கலந்துவிடுங்கள்.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, கொதித்த நீரில் போட்டெடுத்த டம்ளரில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். கட்டியில்லாமல் கலந்ததும் டம்ளரைப் பச்சைத் தண்ணீர்க் கிண்ணத்தில் இறக்கி ஆற்றுங்கள். வெளித்தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். பாட்டில், நிப்பிளைச் சுத்தம் செய்வது இந்த நேரத்தில் பெரும்பாடு. ஸ்டீல் பாலாடை போதும். அதை வேகவைப்பது சுலபம்.

இரவுக்கென்று பலர் பாலைக் கலந்து பிளாஸ்கில் ஊற்றிவைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த இளஞ்சூட்டில் கிருமி மளமளவென்று பெருகும். நன்றாகச் சூடு தாங்கும் பிளாஸ்கில் கொதித்த தண்ணீரை மட்டும் வைத்து, குழந்தை அழும்போது புதிதாகக் கலக்குங்கள். அது ஆறியிருந்தால் மறுபடி கொதிக்கவிடுங்கள். கலந்த பாலுக்கு இரண்டு மணி நேரம்தான் ஆயுள். குடித்து மிச்சமானதை அப்போதே கொட்டிவிடுங்கள்.

கேஸும் விறகும் இல்லை, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் பாதுகாப்பான தண்ணீரில் கலந்து அந்த நிமிடமே கொடுங்கள். டப்பா தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டி ஊற்றாதீர்கள், குழந்தைக்குச் சத்தும் போகும், உடம்பில் உப்பும் குறையும். அம்மாவுக்குக் கொஞ்சமாவது தாய்ப்பால் சுரக்கிறதென்றால் அடிக்கடி மார்பில் போடுங்கள். நின்றுபோன பாலைக்கூடத் திரும்ப வரவைக்கலாம், உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இப்போதே கேளுங்கள்.

குழந்தை துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, பாதை அடைபட்டிருப்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.