ஈராக்கில் தலைமை தவறிய இடங்கள்: கேள்வி பதில்

2003-இல் ஈராக்கைக் கைப்பற்றிய அமெரிக்கப் படையின் தலைமை குறித்து வேலூர் வட்டாரத்தினர் கேட்ட கேள்விகளுக்கு, இந்தியத் தரைப்படையிலிருந்து ஓய்வு பெற்ற கணியம்பாடி சுபேதார் ஒருவர் விடையளிக்கிறார்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: ஐயா, மூன்றே வாரங்களில் பாக்தாத்தைப் பிடித்த படையால் அந்நகரில் அமைதியை ஏன் காக்க முடியவில்லை?

பகைவனை வீழ்த்தச் சிறிய, விரைவான படை போதும். பிடித்த நாட்டைக் காக்கத் தெருவுக்குத் தெரு ஆள் வேண்டும். பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று அமெரிக்கத் தரைப்படைத் தளபதி ஷின்செகி 2003 பிப்ரவரியிலேயே செனட் குழுவிடம் சொன்னார். பாதுகாப்புத் துறைத் தலைமை அதை வெளிப்படையாக மறுத்தது. ஏப்ரலில் தேசிய அருங்காட்சியகமும் அமைச்சகங்களும் சூறையாடப்பட்டபோது, தடுக்க வேண்டும் என்ற தெளிவான ஆணை இல்லாமல் வீரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குடியாத்தம், வணிகர்: ஈராக் இராணுவத்தைக் கலைத்தது அவ்வளவு பெரிய பிழையா?

என் கணிப்பில் அதுவே மிகப் பெரிய பிழை. ஈராக்கை ஆள அமெரிக்கா அமைத்த நிர்வாகத்தின் தலைவராக மே 12 அன்று வந்த பால் பிரெமர், மே 16 அன்று சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்டத்தினரை அரசுப் பணியிலிருந்து நீக்கினார். மே 23 அன்று இராணுவத்தையே கலைத்தார். அவருக்கு முன் பொறுப்பிலிருந்த ஜே கார்னர், அந்த வீரர்களைச் சீரமைப்புப் பணியில் ஈடுபடுத்த எண்ணியிருந்தார். வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள நம் கம்மவான்பேட்டையில், ஒரே நாளில் சம்பளமும் ஓய்வூதியமும் பதவி மதிப்பும் போய்விட்டன என்று அறிவித்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் அங்கே அந்த நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். அவர்களுக்கு உதவித்தொகை தருவதாக அறிவிப்பு வந்தது, அவர்கள் தெருவில் இறங்கிப் போராடி, அதில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான்.

ஆற்காடு, ஆசிரியை: ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளுக்கு அமெரிக்கச் சிப்பாய்கள் செய்த கொடுமைக்குத் தளபதிகள் எப்படிப் பொறுப்பாவார்கள்?

அம்மா, கொடுமை செய்தவர்களின் குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே கைதிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற காவலர் இல்லை. இருந்தவர்களுக்கும் போதிய பயிற்சி இல்லை. சிறை யாருடைய கட்டளையில் இயங்குகிறது என்பதிலேயே 2003 நவம்பரில் குழப்பம் உண்டாக்கப்பட்டது. ஜெனரல் டகூபா நடத்திய விசாரணை இந்தக் குறைகளைப் பதிவு செய்தது. ஆயினும் சிறைக்குச் சென்றவர்கள் கீழ்நிலைச் சிப்பாய்களே. சிறைகளுக்குப் பொறுப்பாயிருந்த பிரிகேடியர் ஜெனரல் கார்பின்ஸ்கி கர்னலாகப் பதவி இறக்கப்பட்டார். அவருக்கு மேலே தண்டனை ஏறவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் சீருடை அணிந்தவன் என்ற முறையில் எனக்குக் கடும் வருத்தம் ஏற்படுகிறது.

வேலூர், கோட்டைப் பகுதிவாசி: 1806-இல் நம் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியோடு இதை ஒப்பிடலாமா?

காலமும் சூழலும் வேறு. ஆனால் தலைமையின் செவிட்டுத்தனம் ஒன்றே. புதிய தலைப்பாகையையும், நெற்றிக் குறிகளுக்கும் தாடிக்கும் விதித்த தடையையும் சிப்பாய்கள் எதிர்த்தபோது கசையடிதான் விடையாகக் கிடைத்தது. கிளர்ச்சி வரப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்த முஸ்தபா பேக் என்ற சிப்பாயை நம்பாமல் அடைத்து வைத்தார்கள். ஜூலை 10 விடியும் முன்பே கோட்டை எழுந்தது. அதை ஈவிரக்கமின்றி ஒடுக்கிய கிழக்கிந்தியக் கும்பினியார்கூட, ஆளுநர் பெண்டிங்கையும் தலைமைத் தளபதி கிரேடாக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

ஆம்பூர், தொழிலாளி: நன்றாகச் செயல்பட்ட தளபதி ஒருவர்கூட இல்லையா?

இருந்தார்கள். வட ஈராக்கின் மோசூல் நகரில் அமெரிக்கத் தளபதி பெட்ரேயஸ் 2003 மே மாதமே உள்ளூர்ப் பிரமுகர்களைக் கூட்டி மன்றம் அமைத்து, பணிகளை அவர்கள் வழியே நடத்தினார். ஆனால் 2004 தொடக்கத்தில் அவருடைய படைப்பிரிவு நாடு திரும்பியபோது, அதைவிட மிகச் சிறிய படையே அந்த இடத்துக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் கிளர்ச்சியாளர்கள் தாக்கியபோது மோசூல் காவல்துறையினரில் பெரும்பாலோர் நிலையங்களை விட்டு ஓடிவிட்டார்கள்.