பிரண்டைத் துவையல் சாப்பிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கிறதே, என்ன தவறு?

பெரும்பாலும் இரண்டு தவறுகள்: முற்றின தண்டு, போதாத வதக்கல். பிரண்டையில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. அது குத்துவதைத்தான் அரிப்பு என்கிறோம்.

கொடியின் நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு வரை மட்டும் பறியுங்கள். வளைத்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து, நாரில் தொங்கினால் அது துவையலுக்கு ஆகாது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவையும் பற்றுச்சுருளையும் இலையையும் நீக்கிவிட்டு, நான்கு விளிம்பிலும் உள்ள நாரை உரித்தெடுங்கள். பீன்ஸுக்கு நார் எடுப்பது போலத்தான். கழுவுவதை நறுக்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஈரத்தோடு நறுக்கினால் சாறு கையெல்லாம் பரவி நமைக்கும்.

ஒரு கப் துண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் அடி பிடிக்கும், உள்ளே வேகாது. சிறு தீயில் பத்து நிமிடமாவது வதக்குங்கள். பளிச்சென்ற பச்சை முதலில் மங்கும். அங்கே அடுப்பை அணைப்பவர்கள்தான் அதிகம். துண்டு சுருங்கி, பழுப்பு ஏறி, ஓரம் லேசாக முறுகும் வரை விடாதீர்கள். இதோடு சேர்த்து அரைக்க: உளுந்து ஒரு மேசைக்கரண்டி, வற்றல் மிளகாய் நான்கு, சிறு எலுமிச்சை அளவு புளி, உப்பு. புளி ருசிக்காக மட்டும் இல்லை, அரிப்பை அடக்கவும்தான், அதைக் குறைக்காதீர்கள். தேங்காய் உங்கள் விருப்பம்.

இவ்வளவுக்குப் பிறகும் லேசாக அரித்தால் கொஞ்சம் புளிக்கரைசல் சேர்த்து, துவையலை மறுபடி எண்ணெயில் சுருள வதக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

'பிரண்டையில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஆக்ஸலேட்டோடு பிணைந்த கால்சியத்தை உடல் சரியாக உறிஞ்சாது. எலும்பு முறிவுக்கு இதைச் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள், விலங்குச் சோதனைகளில் பலனும் தெரிந்திருக்கிறது. ஆனால் முறிந்த எலும்பை நேராக்கிக் கட்டுப் போடுகிற வேலையைத் துவையல் செய்யாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இளந்தண்டு எப்போதும் கிடைக்க ஒரு தொட்டியிலேயே வளர்க்கலாம். இரண்டு கணு உள்ள துண்டை இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.