பேண்ட் மேலே நிற்பதாலேயே ஆன்டிபாடி கெட்டதாகிவிடாது

கேள்வி: சிங்கப்பூரின் பயோபோலிஸில் உள்ள ஓர் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். மனித எஸ்டி6கேல்1 நொதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி வாங்கி, புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட் போட்டேன். 47 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) வரவேண்டிய பேண்ட், அதாவது கோடு, 50-ஐ ஒட்டி நிற்கிறது. ஆன்டிபாடி விற்கும் ஏஜெண்ட் வேறு பாட்டில் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். 406 அமினோ அமிலங்களின் எடையை மட்டும் கூட்டினால் வருவதுதான் அந்த 47. மற்ற புரதங்களின் சர்க்கரைச் சங்கிலி நுனியில் சியாலிக் அமிலத்தை ஒட்டுவது இந்த நொதியின் வேலை. இதன் மேலேயே 149, 161-ஆம் இடங்களில் சர்க்கரை ஏறும். அதனால் ஜெல்லில் மெதுவாக இறங்கி, பேண்ட் சற்று மேலே தெரியும்.

ஹெப்ஜி2 என்ற மனிதக் கல்லீரல் செல்களை உடைத்தெடுத்த கரைசலை (லைசேட்) கொதிக்கவைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் சர்க்கரையை வெட்டியெடுக்கும் பிஎன்கேஸ் எஃப் நொதி, மற்றதில் வெறும் பஃபர். பிஎன்கேஸ் எஃப் சேர்த்ததில் பேண்ட் இறங்கினால் உயரத்துக்குக் காரணம் சர்க்கரைதான். ஆனால் சர்க்கரை ஏறிய வேறு புரதமும் இப்படி இறங்கும். அதனால் குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ கொண்டு எஸ்டி6கேல்1-ஐக் குறைத்துப் பாருங்கள். பேண்ட் மங்கினால்தான் நம்பலாம்.

செல் வளர்த்த மீடியத்தில் தேடினால் கதை வேறு. பேஸ்1 என்ற நொதி எஸ்டி6கேல்1-இன் முன்பகுதியை வெட்டிவிட, மீதி வெளியே வரும். உங்கள் ஆன்டிபாடி அந்த முன்நுனிக்கு எதிராகச் செய்யப்பட்டது என்றால் மீடியத்தில் எதுவும் தெரியாது. அதைப் பார்த்து நொதியே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, மீடியத்தில் சேர்க்கும் கன்றுக்குட்டி சீரத்திலும் மாட்டின் எஸ்டி6கேல்1 இருக்கும். ஆன்டிபாடி அதையும் பிடித்தால் பேண்ட் உங்கள் செல்லுடையதாக இல்லாமல் போகலாம். சீரம் இல்லாத மீடியத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் சேகரியுங்கள்.

இனி ஏஜெண்ட் விஷயம். ஒரே குளோன் (ஒரே செல் வழி உண்டாக்கும் ஆன்டிபாடி), லேபிள் மட்டும் மாறி, இரண்டு மூன்று பெயர்களில் விற்கப்படுவது இந்தச் சந்தையில் சகஜம். அவர் காட்டும் 'வேறு பாட்டில்' உங்களிடம் இருப்பதேயாக இருக்கலாம். சிடி75 ஆன்டிபாடியையும் இதற்கென்று நீட்டுவார்கள். அது பிடிப்பது நொதியை அல்ல, நொதி உண்டாக்கும் சர்க்கரை அமைப்பை. நொதியின் அளவைக் கேட்பவருக்கு அது உதவாது.

கொள்முதல் பிரிவோ மூன்று கொட்டேஷனில் விலை குறைந்தது எது என்று மட்டும் பார்க்கிறது. பாட்டிலுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள், அதைச் சோதிக்கும் கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும்) செல்லுக்குப் பணம் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். கன்ட்ரோல் இல்லாமல் வாங்கும் ஆன்டிபாடி குப்பைக்குப் போகும் மானியப் பணம், இதை எத்தனை முறை சொல்வது?

ஏஜெண்டுக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: குளோன் பெயர், எந்தப் பகுதிக்கு எதிராகச் செய்தது, லாட் எண், மரபணு நீக்கிய செல்லில் எடுத்த பிளாட் படம். எஸ்ஐஆர்என்ஏ போட்டும் பேண்ட் மங்காவிட்டால், எஸ்டி6கேல்1-இன் ஆர்என்ஏ உண்மையிலேயே குறைந்ததா என்று, ஆர்என்ஏ அளவைக் காட்டும் கியூபிசிஆரில் உறுதிசெய்து, அந்த முடிவையும் இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.